கவுனி அரிசித் தண்ணீர் ஏன் நீலமாகிறது?

வாசகர் கேள்வி – வல்லுநர் பதில்

சோடா, படிகாரம், நவச்சாரம், கல் உப்பு எல்லாமே வேதியியல் கணக்கில் உப்புகள்தாம். தண்ணீரில் கரைத்தால் ஒன்று புளிக்கிறது, ஒன்று விரலில் வழவழக்கிறது, ஒன்று எந்த மாற்றமும் காட்டுவதில்லை. இது பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கவுனி அரிசியை இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பத்தா காலத்தில் அந்தத் தண்ணீர் நாவற்பழ நிறத்தில் இருக்கும். இப்போது போர் தண்ணீரில் ஊறவைத்தால் கருநீலமாகிறது; வெந்தபின் பச்சை ஓடித் தெரிகிறது. சாயம் போட்ட அரிசியை விற்றுவிட்டார்களா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அரிசியின் மேல் சந்தேகப்படும் முன் தண்ணீரைப் பாருங்கள், ஆச்சி. கவுனியின் கருமை அதன் தவிட்டுத் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவற்பழம், சங்குப்பூ, கத்தரிக்காய்த் தோல் எல்லாவற்றிலும் இதே குடும்பத்து நிறமிதான். அமில நீரில் இது சிவக்கும். நடுநிலையில் ஊதாவாக நிற்கும். காரம் ஏறினால் நீலமாகும், இன்னும் ஏறினால் பச்சை. அதற்கும் மேலே போனால் மஞ்சளித்து நிறமே அழிந்துவிடும்.

ஊருணித் தண்ணீரிலும் வளவுக் கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரிலும் கரைந்த உப்பு குறைவு. போர் தண்ணீர் பாறை இடுக்குகளில் நெடுநாள் கிடந்து கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் பைகார்பனேட் உப்புகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. குழாயில் பிடித்த கையோடு பிஹெச் தாளை நனைத்தால் 7, 7.5 என்றுதான் காட்டும் (பிஹெச் 7 நடுநிலை; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்). கூடவே கரைந்து வரும் கரியமில வாயு காரத்தை அமுக்கி வைத்திருப்பதே காரணம். இரவு முழுக்கத் திறந்த பாத்திரத்தில் கிடந்தால் வாயு மெல்ல வெளியேறிவிடும், பிஹெச் 8-ஐத் தாண்டும். கொதிக்கும்போது பைகார்பனேட்டே உடைந்து கார்பனேட் ஆகிறது. கால்சியம் இருந்தால் அது பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து ஒதுங்கிவிடும். அதனால் காரம் ஓரளவோடு நிற்கும். சோடியம் கார்பனேட் படியாது, கரைந்தே கிடக்கும். அப்போது பிஹெச் 9-க்கு மேலும் போகும். உங்கள் அரிசி வெந்தபின் பச்சை ஓடுகிறது என்பதைப் பார்த்தால் உங்கள் போர் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் தூக்கலாக இருக்க வேண்டும்.

சாயமா என்று அறிய ஒரு கரண்டி ஊறல் தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் பளிச்சென்று இளஞ்சிவப்பானால் அது அரிசியின் சொந்த நிறம். செயற்கைச் சாயங்களில் பெரும்பாலானவை இப்படி மாறுவதில்லை. அரிசி ஒன்றைக் கடித்தும் பாருங்கள். தோல் கறுப்பாகவும் உள்ளே வெளுப்பாகவும் இருப்பதுதான் இயல்பு.

ஊறவைக்க மழை நீரோ ஆர்.ஓ. தண்ணீரோ இருந்தால் அதுவே போதும். போர் தண்ணீர்தான் என்றால், லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள நீர் ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு அந்தக் காரத்தில் ஏறக்குறைய பாதியைத் தணிக்கும். அதற்கு மேல் விட்டால் சோற்றில் புளிப்புத் தட்டும். சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்க்கும் பண்டத்துக்கு அது ஒவ்வாது.

கேள்வி: அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும், அதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர் என்று படித்தோம். சலவை சோடாவும் ஓர் உப்புதானே? அதைக் கரைத்து மஞ்சள் தடவிய தாளை நனைத்தால் ஏன் சிவக்கிறது?
– 11-ஆம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'நடுநிலையாக்கல்' என்ற சொல்லே. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன என்பதை மட்டுமே அது சொல்கிறது. மிஞ்சிய உப்பு தண்ணீரோடு என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அந்தச் செயலுக்குத்தான் உப்பு நீராற்பகுப்பு என்று பெயர்.

சாப்பாட்டு உப்பிலிருந்து தொடங்குவோம். கரைந்ததும் அது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிகிறது. குளோரைடு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆக வேண்டும். அதுவோ நீரில் கரைந்தவுடன் முழுதாகப் பிரிந்துவிடும் வலிய அமிலம். ஆகவே குளோரைடு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைக்காது. சோடியமும் அப்படியே ஹைட்ராக்சைடைப் பிடித்து வைக்காது. இரண்டும் தண்ணீரைத் தொடவில்லை, அதனால் பிஹெச் 7.

சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். அதன் கார்பனேட் அயனி அப்படியல்ல. பைகார்பனேட் மிக மெலிந்த அமிலம், தன்னிடமுள்ள ஹைட்ரஜனை லேசில் விடாது. ஆகவே கார்பனேட் தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துப் பைகார்பனேட் ஆகிவிடுகிறது. பறிகொடுத்த தண்ணீர் ஹைட்ராக்சைடாக மிஞ்சுகிறது. உங்கள் மஞ்சளைச் சிவப்பாக்குவது அந்த ஹைட்ராக்சைடுதான், சோடியம் அல்ல. கரைசலிலுள்ள எல்லாக் கார்பனேட் அயனிகளும் இப்படிச் செய்வதில்லை. லிட்டருக்கு 0.1 மோல் கரைசலில், அதாவது படிகச் சலவை சோடா 28.6 கிராம் கரைத்ததில், நூற்றுக்கு நாலு அல்லது ஐந்து அயனிகளே இதில் இறங்குகின்றன. அதற்கே பிஹெச் 11.6 வந்துவிடுகிறது.

எதிர்ப் பக்கம் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. அம்மோனியா மெலிந்த காரம். அம்மோனியம் அயனி தன் ஹைட்ரஜனைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். லிட்டருக்கு 5.35 கிராம் கரைத்தால் பிஹெச் 5.1. ஒரு லட்சம் அம்மோனியம் அயனிகளில் ஏழெட்டு மட்டுமே இதைச் செய்கின்றன. சோடியம் அசிட்டேட்டில் அசிட்டேட் அயனி அதே ஏழெட்டு விகிதத்தில் மறுதிசையில் வேலை செய்கிறது, பிஹெச் 8.9. இவ்விரண்டையும் சேர்த்த அம்மோனியம் அசிட்டேட் எப்படி இருக்கும் என்று தேர்வில் கேட்பார்கள். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலியும் அம்மோனியாவின் பிரிகை மாறிலியும் தற்செயலாக ஒரே அளவு, 0.000018. இழுபறி சமமாகி பிஹெச் 7-இல் நிற்கிறது. இதைப் பார்த்து 'மெலிந்த அமிலம், மெலிந்த காரம் சேர்ந்த உப்பு நடுநிலை' என்று பொதுவிதியாக எழுதிவிடாதீர்கள். அம்மோனியம் கார்பனேட்டை எடுத்தால் கார்பனேட்டின் கை ஓங்கிக் கரைசல் காரமாகிவிடும். எந்த மாறிலி பெரிது என்று பார்த்தே சொல்ல வேண்டும்.

செய்து பார்க்க மஞ்சள் தாள் மட்டும் போதாது. மஞ்சள் பிஹெச் 8 அளவில்தான் மாறத் தொடங்குகிறது, அமிலத்தை அது காட்டவே காட்டாது. உங்கள் ஊரிலேயே நல்ல காட்டி இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி கவுனி அரிசியை 150 மில்லி வெதுவெதுப்பான வாலைவடிநீரில் அரை மணி ஊறவைத்து வடிகட்டுங்கள். வெள்ளைக் கிண்ணங்களில் ஐந்து மில்லி வீதம் ஊற்றி, ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூன் கல் உப்பு, ஆப்ப சோடா (சோடியம் பைகார்பனேட்), சலவை சோடா, நவச்சாரம் என்று தனித்தனியாகப் போட்டுக் கலக்குங்கள். ஒரு கிண்ணத்தை எதுவும் போடாமல் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டிய நீர் அன்றே தீர வேண்டும், மறுநாள் புளித்து நிறம் பொய் சொல்லும்.

தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். குழாய்த் தண்ணீரில் செய்தால் அதன் பைகார்பனேட் நவச்சாரத்தின் மெல்லிய அமிலத்தை விழுங்கிவிடும், நிறம் மாறாது. சில பொடி உப்புகளில் கட்டி பிடிக்காமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், அது லேசாக நீலம் காட்டலாம்; அதனால்தான் கல் உப்பு என்றோம். படிகாரத்தை இந்தக் காட்டியில் சோதிக்கவே வேண்டாம். அலுமினியம் அயனி ஆந்தோசயனினோடு தானே பிணைந்து ஊதா நிறத்தைக் கூட்டிவிடும், அமிலக் கரைசலைப் பார்த்து நடுநிலை என்று எழுதிவிடுவீர்கள். அதற்கு நீல லிட்மஸ் தாளைப் பயன்படுத்துங்கள்.

பிஹெச் என்ற அளவை 1909-இல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்தார். இன்று அதைத் துல்லியமாக அளப்பது கண்ணாடி மின்முனை. அது முழுக்க மின்வேதியியல். டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்து, 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில் படிக்கிறீர்கள். இந்தப் பாடத்தை மனப்பாடமாக மட்டும் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: மழைநீர் நடுநிலை என்கிறார்கள். நான் பிடித்ததில் தாள் 5.5 காட்டுகிறது. தாள் கெட்டுவிட்டதா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: கெடவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தாலே சுத்த நீர் 5.6-க்கு இறங்கிவிடும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவே அதை 8 பக்கம் தூக்கிவிடும், அவ்வளவு மெல்லிய அமிலம் அது. உப்பே இல்லாத நீரில் தாள் நிறம் மாற நேரம் எடுக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் படியுங்கள்.

கேள்வி: ஊருணித் தண்ணீர் மழைக்குப் பின் கலங்கலாக இருக்கிறது. படிகாரம் போட்டோம். தெளியாததால் மேலும் போட்டோம். இப்போது தண்ணீர் துவர்த்துப் புளிக்கிறது, கலங்கல் அப்படியே நிற்கிறது. என்ன தவறு?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தெளியாதபோது இன்னும் கொஞ்சம் போடுவதுதான் தவறு. பலரும் செய்வது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

படிகாரத்தின் அலுமினியம் அயனி சிறியது, மூன்று நேர்மின்சுமை கொண்டது. கரைந்ததும் ஆறு நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்கின்றன. அலுமினியம் அவற்றின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வேகத்தில் அந்த நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனிகளை ஒவ்வொன்றாக உதிர்க்கின்றன. அதனால்தான் லிட்டருக்கு சில பத்து கிராம் படிகாரம் கரைத்த நீரின் பிஹெச் 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கிறது. மூன்று ஹைட்ரஜன் போனபின் மிஞ்சுவது அலுமினியம் ஹைட்ராக்சைடு. பஞ்சு போன்ற அந்தத் திரள்தான் களிமண் துகள்களைச் சுற்றிப் பிடித்துக் கீழே இறங்குகிறது. உதிர்ந்த ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள நீரில் பைகார்பனேட் இருந்தால்தான் திரள் உருவாகும். இல்லையென்றால் நீர் புளித்து, அலுமினியம் திரளாமல் கரைந்தே நின்றுவிடும். நீங்கள் குடித்துப் பார்த்தது அந்தத் தண்ணீரைத்தான்.

கணக்கு இது. ஒரு மில்லிகிராம் பொட்டாஷ் படிகாரம் ஏறக்குறைய 0.32 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்கிறது. லிட்டருக்கு 60 மில்லிகிராம் போட்டால் 19 மில்லிகிராம் போய்விடும். போர் தண்ணீருக்கு அது பொருட்டல்ல. புது மழை நிரம்பிய ஊருணியில் மொத்தமே அவ்வளவுதான் இருக்கக்கூடும்.

அளவைக் கண்டுபிடித்துப் போடுங்கள். பத்து கிராம் படிகாரத்தைப் பொடித்து ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். அதில் ஒரு மில்லி எடுத்தால் பத்து மில்லிகிராம். ஒரு லிட்டர் கலங்கல் நீர் வீதம் ஐந்து பாட்டில்களில் ஊற்றி, 1, 2, 3, 4, 6 மில்லி என்று சிரிஞ்சால் விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கலக்க வேண்டும். இந்த மெதுவான கலக்கலை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். சிறு திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவது அப்போதுதான். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் உருவான திரளும் உடைந்துபோகும். அரை மணி முதல் ஒரு மணி வரை அசையாமல் வையுங்கள். தெளிந்தவற்றுள் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வந்தால் 15 லிட்டர் குடத்துக்கு அரை கிராமுக்கும் குறைவு, சின்னக் கொண்டைக்கடலை அளவு. கரைத்த படிகார நீரை அன்றன்றே செய்துகொள்ளுங்கள், நாள்பட்டால் அதிலேயே நீராற்பகுப்பு நடந்து வேகம் குறையும்.

எந்தப் பாட்டிலும் தெளியவில்லை, பிஹெச் 6-க்குக் கீழே என்றால் காரம் போதவில்லை. சுண்ணாம்பைக் கலக்கி வைத்துத் தெளிந்த மேல் நீரை லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி முதலில் சேர்த்துவிட்டுப் படிகாரத்தை விடுங்கள். சுண்ணாம்பு நீர் இல்லையென்றால் குடத்துக்கு அரை கிராம் ஆப்ப சோடா. முடிவில் பிஹெச் 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் இருக்கட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 பிஹெச் 6.5 முதல் 8.5 வரை என்கிறது. அலுமினியம் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்குள், வேறு வழியே இல்லாதபோது 0.2 வரை. புளிக்கும் தண்ணீர் இந்த எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே கெட்டுப்போன குடத்தைக் குடிக்காமல் செடிக்கோ கழுவவோ பயன்படுத்துங்கள்.

தேத்தாங்கொட்டையை உரைத்து விடும் வழக்கம் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கைவிடாதீர்கள். அதன் சத்துகள் துகள்களை ஒட்டவைக்கும் விதம் வேறு, உப்பு நீராற்பகுப்பு அதில் இல்லை, ஆகவே தண்ணீர் புளிப்பதுமில்லை. எதைக் கொண்டு தெளியவைத்தாலும் கிருமி முழுதாகப் போகாது. தெளிந்த நீரைக் கொதிக்கவையுங்கள், அல்லது குளோரின் கலந்து அரை மணி விடுங்கள். பிஹெச் 7.5-க்குக் கீழே குளோரினுக்கு வேகம் அதிகம்.

கேள்வி: அப்பளக்காரம் கிடைக்காதபோது ஆப்ப சோடாவையே அதே அளவு போடலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: அதே அளவு போட்டால் காரம் குறையும். ஆப்ப சோடா கரைசல் எவ்வளவு கரைத்தாலும் பிஹெச் 8.3-ஐ ஒட்டியே நிற்கும். பைகார்பனேட் அயனி ஹைட்ரஜனைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். வாங்கும் பக்கம் சற்று ஓங்கியிருப்பதால் இந்த மெல்லிய காரம். அப்பளக்காரத்தில் உள்ள கார்பனேட்டின் காரம் வேண்டுமென்றால் ஆப்ப சோடாவை இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுங்கள். பொடி தண்ணீர் கொதிப்பதுபோல் தளதளவென்று அசையும், வாயுவும் நீராவியும் வெளியேறுவது அது. அசைவு முற்றும் அடங்கும்வரை கிளற வேண்டும். 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்சும். எடை 70-க்கு மேல் நின்றால் இன்னும் மாறி முடியவில்லை. அலுமினியச் சட்டி கூடாது, ஈரம் பட்டால் காரம் அதைத் தின்னும். வறுத்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாவில் கூடிவிட்டால் அப்பளம் பொரிக்கும்போது மஞ்சளித்துச் சோப்பு வாடை வரும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. படிகாரத் தண்ணீரோ ஆசிட்டோ விட்டுத் துடைக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

பதில்: தயவுசெய்து இரண்டையும் விடாதீர்கள். அந்தக் கல்லின் மேலே இருக்கும் பூ வேலைப்பாடு சில மில்லிமீட்டர் கனமுள்ள நிறச் சிமெண்டுதான். சிமெண்டு காரம். ஆசிட்டும் படிகார நீரும் முதலில் தின்பது அதையே. ஆசிட் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் குளோரைடு வரும். அதன் கரைசல் ஏறக்குறைய நடுநிலை, லிட்மஸில் ஒன்றும் தெரியாது. ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தரை காயவே காயாது.

பூத்ததைச் சுரண்டி ஒரு கரண்டி வாலைவடிநீரில் போடுங்கள். கரையாமல், வினிகர் பட்டதும் நுரைத்தால் சிமெண்டிலிருந்து வந்த சுண்ணாம்பு. புதுத் தரையில் அது நாளடைவில் தானே குறையும். கரைந்து மஞ்சள் தாளைச் சிவப்பாக்கினால் சோடியம் கார்பனேட். கரைந்தும் நிறம் மாறவில்லையென்றால் பெரும்பாலும் சல்பேட்டோ குளோரைடோ. அடி மண்ணின் ஈரத்தோடு ஏறி வருபவை. எதுவானாலும் காய்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளிவிட்டு, பிழிந்த துணியால் துடையுங்கள். தண்ணீரை ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது, குழாய்க் கசிவா, முற்றத்து வடிகாலா என்று கண்டுபிடித்து அடைத்தபின் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைக்கலாம். ஈரம் இருக்கும்போதே எண்ணெய் பூசினால் உப்பு அடியில் சிக்கி மேல்தோலைப் பெயர்க்கும்.

கேள்வி: பித்தளை அண்டாக்களுக்கு ஈயம் பூசினோம். சில மாதத்தில் விளிம்பில் பச்சை படிந்து, ஒன்றில் விரிசலும் தெரிகிறது. பூசியவர் நவச்சாரம் அதிகம் போட்டது காரணமாக இருக்குமா?
– வாசகி, ஆத்தங்குடி

பதில்: போட்டது குற்றமல்ல, அது இல்லாமல் ஈயம் ஒட்டாது. 340 டிகிரி பக்கம் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பித்தளை மேலுள்ள ஆக்சைடை அது அகற்றிய இடத்தில் உருகிய வெள்ளீயம் பரவிப் பிடித்துக்கொள்ளும். எழும் வெண்புகை இரண்டும் மீண்டும் சேர்ந்த நவச்சாரமே. மூச்சில் இழுக்கக் கூடாது.

பிசகு கழுவுவதில் நடக்கிறது. விளிம்பின் மடிப்பிலும் காதுகளின் ஆணியடியிலும் தங்கிய நவச்சாரம் ஈரம் பட்டதும் நீராற்பகுப்பில் அமிலமாகிறது, பித்தளையை அரித்துப் பச்சை பூக்கவைக்கிறது. விரிசலுக்குக் காரணம் அதன் மறுபாதி. அடித்து உருவாக்கிய பித்தளையில் இறுக்கம் தங்கியிருக்கும். அந்த இடத்தில் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் உலோகம் விரிசல் விடும்.

இனிப் பூசி வந்த அன்றே ஒரு லிட்டர் சுடுநீருக்கு ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, மடிப்புகளில் தூரிகை விட்டுக் கழுவுங்கள். பிறகு வெறும் சுடுநீரால் இரண்டு முறை அலசி வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். அடர்த்தியாகக் கரைத்த சலவை சோடா வேண்டாம், வெள்ளீயத்தையே அது கரைக்கும். பூசும் ஈயம் காரீயம் கலவாத வெள்ளீயம்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட அண்டாவைத் தண்ணீர் நிரப்பித் தூக்க வேண்டாம்.